தேயாத டயர் நல்ல டயரா?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் யாரென்று வரலாறு கூறவில்லை. ஆனால் அதற்குக் காற்றடைத்த இரப்பர் காலணி அணிவித்தவர்களை நாம் அறிவோம். இரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிபெறும் என்பதை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். 1845-இல் இராபர்ட் தாம்சன் காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதை மறந்துவிட்டது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப் 1888-இல் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தார். இவற்றையெல்லாம் நான் பொது அறிவுப் போட்டிக்காக மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியிருக்கிறேன். ஆனால் டயர் என்பது யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒரு பொருள் என்பதை நான் உணர்ந்தது சென்ற ஐப்பசி மாதத்தில்தான்.

நாமக்கல் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு முட்டையும் லாரியும் அன்றாடக் காட்சிகள். என் அண்ணன் முட்டை வியாபாரம் செய்பவர். பண்ணையில் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் அட்டை அட்டையாகக் கட்டி, சேந்தமங்கலம் வரையிலுள்ள சிறு கடைகளுக்குப் போடுவார். அன்று அந்தப் பருவத்தின் முதல் தூறல். மாதக்கணக்கில் சாலையில் படிந்திருந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து கிடந்த நேரம். ஓர் ஆடு குறுக்கே வந்தது. வேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டர்தான். அண்ணன் முன் பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பன்னிரண்டு அட்டை, அதாவது முந்நூற்று அறுபது முட்டைகள் சாலையில் போயின. அது போகட்டும், அண்ணனுக்குக் காறை எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் வீட்டில் இருக்கவேண்டியதாயிற்று.

விசாரிக்க வந்தவர்கள் அனைவரும் கேட்ட முதல் கேள்வி, "மொட்டை டயரா?" என்பதுதான். மொட்டை இல்லை. இருசக்கர வண்டியின் டயரில் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. அண்ணனின் முன் டயரில் அதைப்போல் நான்கு மடங்கு ஆழம் இருந்தது. சட்டத்தின் கண்ணுக்கு அது நல்ல டயர்!

எங்கள் தந்தையார் லாரி டயர்களுக்கு ரீபட்டன் போடும் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்பவர். அவர் கீழே குந்தி அந்த டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். தடமே விழவில்லை. "இது டயரு இல்லடா கண்ணு, கட்டை. தேயாத டயரு நல்ல டயருன்னு யாரு சொன்னாங்க? ரோட்டுக்குக் கொஞ்சம் குடுத்தாத்தான் அது உன்னையப் புடிக்கும்" என்றார். பிறகு டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பவை. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். அண்ணனின் முன் டயருக்கு வயது ஏழு. பின் டயரை இருமுறை மாற்றியிருந்தார். முன் டயர் தேயவேயில்லை, ஆகவே மாற்றவுமில்லை.

தந்தையாரின் சொல்லுக்கு இயற்பியலில் என்ன விளக்கம் என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலாமாண்டில் நாம் படித்த உராய்வு விதிகளை நினைவுகூர்வோம். உராய்வு விசை தொடுபரப்பைப் பொறுத்ததன்று, அழுத்தும் விசையை மட்டுமே பொறுத்தது என்பது 1699-இல் அமொன்டன்ஸ் கூறிய விதி. மரக்கட்டைக்கும் இரும்புக்கும் இது ஏறக்குறையப் பொருந்தும். இரப்பரோ இவ்விதிக்கு அடங்குவதில்லை. அது மேடுபள்ளங்களுக்குள் நுழைந்து அமரும் பொருள். எனவே எவ்வளவு பரப்பு உண்மையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அதற்கு முக்கியம். அந்தப் பரப்பு எவ்வளவு என்று பாருங்கள். பின் சக்கரத்தின்மேல் 120 கிலோ எடை இருப்பதாகவும், காற்றழுத்தம் 28 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ என்றும் கொண்டால், தொடுபரப்பு சுமார் 60 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையில் பாதி! வேகமாகப் போகும் நண்பர்கள் இந்த அரை அட்டையை ஒருமுறை மனத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

இரப்பர் சாலையைப் பிடிப்பது இரு வழிகளில். ஒன்று, மூலக்கூறுகள் சாலைப் பரப்போடு நேரடியாக ஒட்டுதல். ஈரச் சாலையில் நீர்ப்படலம் இடையே புகுந்து இதைப் பெருமளவு கெடுத்துவிடுகிறது. அப்போது கைகொடுப்பது இரண்டாவது வழி. காந்தவியல் வகுப்பில் நாம் வரைந்த தயக்கக் கண்ணி நினைவிருக்கிறதல்லவா? இரும்பைக் காந்தமாக்கி, காந்தநீக்கம் செய்யும்போது சென்ற வழியிலேயே அது திரும்புவதில்லை. கண்ணியின் பரப்பளவு வெப்பமாக இழக்கப்படும் ஆற்றல். இரப்பரை அழுத்திவிட்டாலும் அப்படியே. சாலையிலுள்ள சல்லியின் கூர் இரப்பரை அழுத்துகிறது. சல்லியைக் கடந்தபின் இரப்பர் மெதுவாகவே பழைய வடிவுக்கு மீள்கிறது. அந்தத் தயக்கத்தில் இழக்கப்படும் ஆற்றல்தான் வழுக்குவதைத் தடுக்கும் விசையாகிறது. குரோஷ் என்னும் அறிஞர் 1963-இல் வெளியிட்ட ஆய்வில், பல வேகங்களிலும் பல வெப்பநிலைகளிலும் இரப்பரின் உராய்வை அளந்து, அவையனைத்தும் அதன் மீள்தன்மைக் குணங்களோடு தொடர்புடையவை என்று காட்டினார்.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. தயக்கம் மிகுந்த இரப்பர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பொதுவாக விரைவில் தேயும், சூடேறும், பெட்ரோலும் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். குளிரில் இரப்பர் கண்ணாடிபோல் விறைத்துப்போகும் ஒரு வெப்பநிலை உண்டு. பியூட்டாடையீன் இரப்பருக்கு அது ஏறத்தாழ −100 பாகை செல்சியஸ். இயற்கை இரப்பருக்கு −70-ஐ ஒட்டி வரும். ஸ்டைரீன் கலந்த இரப்பருக்கு அதைவிட மேலே. இந்த வெப்பநிலை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு இரப்பர் தேய்மானத்தைத் தாங்கும். எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்கு ஈரத்தில் பிடிக்கும். டயர் தொழிற்சாலையில் நடப்பது இவ்விரண்டுக்குமான பேரமே. தந்தையார் கூற்றை இந்த இடத்தில் சிறிது திருத்தவேண்டும்: தேய்வதால் பிடிப்பு வருவதில்லை. பிடிப்பைத் தரும் அதே குணங்கள் தேய்மானத்தையும் கூடவே கொண்டுவருகின்றன. (இதை அவரிடம் சொன்னபோது, "நானும் அதத்தான்டா சொன்னேன்" என்றார்.)

இந்தப் பேரத்தில் ஓரளவு இரு பக்கமும் வெல்ல வழி கிடைத்தது சிலிக்கா வந்தபிறகு. அதற்குமுன் தேய்மானத்தைத் தாங்க இரப்பரில் சேர்த்தது கார்பன் பிளாக் எனப்படும் நுண்கரித்தூள். டயர் கறுப்பாயிருப்பதும் அதனால்தான். 1990-களில் அதன் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்க்கும் முறை பரவியது. அதன் சிறப்பை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். 18 அங்குல ரிம் கொண்ட சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 50 கிலோமீட்டரில் அது விநாடிக்கு ஏழு முறை சுழலும்; இரப்பரின் ஒவ்வொரு பகுதியும் விநாடிக்கு ஏழு முறை நசுங்கும். ஆனால் வழுக்கத் தொடங்கும்போது சல்லியின் நுண்கூர்கள் அதே பகுதியை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை குத்துகின்றன. முதல் அதிர்வெண்ணில் தயக்கம் குறைவாகவும், இரண்டாவதில் மிகுதியாகவும் இருக்கும் கலவை அமைந்தால் உருளும்போது சூடும் குறையும், வழுக்கும்போது பிடியும் கிடைக்கும். சிலிக்கா இதற்குத் துணைசெய்கிறது. நடுவில் கடினமான கலவையும் இரு ஓரங்களில் மென்மையான கலவையும் வைத்த டயர்களும் இப்போது கிடைக்கின்றன. நேரே போகையில் தேய்வது நடுப்பகுதி; வளைவில் சாயும்போது தரையைத் தொடுவது ஓரம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குபவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

இனி வயது. டயர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உயிர்வளியும் ஓசோனும் வெப்பமும் அதைத் தாக்கிக்கொண்டேயிருக்கின்றன. மூலக்கூறுத் தொடர்களிடையே புதிய இணைப்புகள் உண்டாகி இரப்பர் இறுகுகிறது. நம் ஊர் வெயிலில் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் விரைவு. பட்டன் ஆழத்தை அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இதைச் சோதிக்க விரும்பி, அண்ணனின் பழைய முன் டயரிலிருந்து ஒரு துண்டும், ஓராண்டே ஆகிப் பட்டன் பெரும்பாலும் தீர்ந்திருந்த பின் டயரிலிருந்து ஒரு துண்டும் வெட்டி எடுத்தேன். சொரசொரப்பான சிமெண்டுப் பலகையை நனைத்து, இரண்டையும் வைத்து, ஒரு பக்கமாக மெல்லத் தூக்கினேன். நாம் ஆய்வுக்கூடத்தில் செய்யும் சாய்தளச் சோதனையேதான். ஆறு முறை செய்தேன். ஆறு முறையும் பட்டன் நிறைந்த கிழட்டுத் துண்டே முதலில் சறுக்கியது. மொட்டையாகிக்கொண்டிருந்த இளந்துண்டு மேலும் பல பாகை தாங்கியது. இதைக் கொண்டு மொட்டை டயரே மேல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சாலையில் நீர் தேங்கி வேகமும் இருக்கும்போது நீரை வெளியேற்றுவது பட்டன்களுக்கிடையேயுள்ள பள்ளங்கள்தாம். என் சிமெண்டுப் பலகையில் அந்த நிலைமை இல்லை.

பிடிப்புக் குறைவதன் விலையைச் சூத்திரமே சொல்லும். நிற்கும் தொலைவு v²/2μg. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், ஈரச் சாலையில் நல்ல டயருக்கு μ = 0.6 என்றும் இறுகிய டயருக்கு 0.4 என்றும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலாவது பத்தரை மீட்டரில் நிற்கும். இரண்டாவதற்குப் பதினைந்தே முக்கால் மீட்டர் வேண்டும். அண்ணனுக்கும் ஆட்டுக்கும் இடையே இருந்திருக்கவேண்டியது அந்த ஐந்து மீட்டர்.

சரி, எதை வாங்குவது? கடைக்காரர், "இது முப்பதாயிரம் ஓடும், அது பதினைந்தாயிரந்தான் ஓடும்" என்கிறார். இரண்டும் 2000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலர் கல்லூரிக்கு வந்துபோவதோடு சரி. ஆண்டுக்கு 3000 கிலோமீட்டருக்குமேல் ஓட்டமாட்டோம். முப்பதாயிரம் ஓடும் டயர் நமக்குப் பத்தாண்டு வரும். அதற்குள் அது இறுகிக் கட்டையாகிவிடும். பாதியைக்கூட நாம் பயன்படுத்தியிருக்கமாட்டோம். மென்மையான டயரே ஐந்தாண்டு தாங்கும். ஆகவே கடின டயரால் மாணவனுக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை.

அண்ணன் போன்றவர்கள் கணக்கு வேறு. ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் ஓட்டுகிறார். மென்மையான டயர் என்றால் ஆண்டுக்கொன்று, கடினமானது இரண்டாண்டுக்கொன்று. வித்தியாசம் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர், விலை நூறு ரூபாய் என்று கொண்டால் அவர் பெட்ரோலுக்குச் செலவிடுவது முப்பதாயிரம். அதோடு ஒப்பிட்டால் ஆயிரம் சிறிதுதான். ஆனால் முட்டைக்குச் சில காசு இலாபம் பார்ப்பவரிடம் ஆயிரத்தைச் சிறிது என்று நான் சொல்லமுடியாது. சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. இரு சக்கரங்களுக்கும் ஒரே விடை தேவையில்லை. எஞ்சினின் இழுவிசையையும் சுமையின் பெரும்பகுதியையும் ஏற்பது பின் டயர்; விரைவில் தேய்வதும் அதுவே. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயருக்கு. பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க ஒரு கணம் கிடைக்கும், முன் சக்கரம் வழுக்கினால் அதுவும் இல்லை. எனவே முன்னால் மென்மையான கலவை. அது எப்படியும் மெதுவாகத்தான் தேயும். பின்னால் நடுத்தரமானதோ இரட்டைக் கலவையோ போடலாம். சேற்று வழிக்கான பெரிய பட்டன் டயரைத் தோற்றத்துக்காகப் போடும் நண்பர்கள் உண்டு. தார்ச்சாலையில் அதன் கட்டிகள் நெளிந்து விரைவில் தேயும், தரையைத் தொடும் இரப்பரும் குறைவு.

வாங்கும்போது எழுத்துகளையும் படிக்கவேண்டும். அண்ணன் வண்டியில் இரு டயரும் 80/100-18: அகலம் 80 மில்லிமீட்டர், உயரம் அதில் நூறு விழுக்காடு, ரிம் 18 அங்குலம். ஆனால் முன்னது 47பி, பின்னது 54பி. 47 என்றால் 175 கிலோ தாங்கும். 54 என்றால் 212 கிலோ. 'பி' மணிக்கு 150 கிலோமீட்டர் வரை என்பதன் குறி. அளவு ஒன்றுதானே என்று முன் டயரைப் பின்னால் மாட்டி முட்டை ஏற்றக்கூடாது. காற்றை வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் பார்க்கவேண்டும். குறைந்தால் ஓரமும் மிகுந்தால் நடுவும் வீணாய்த் தேயும். புதுடயரின் மேற்பரப்பு வழவழப்பாயிருக்கும்; முதல் நூறு கிலோமீட்டர் பொறுமை தேவை.

தையில் அண்ணன் மீண்டும் வண்டி எடுத்தார். முன்னால் மென்மையான டயர் போட்டாயிற்று. அதன் நான்கு இலக்கத்தைத் தந்தையார் பட்டறைச் சுவரில் சாக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறார். ஐந்தாண்டு ஆனதும், தேய்ந்தாலும் தேயாவிட்டாலும், மாற்றிவிடுவதாக அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். பின் டயரைப் பற்றி மட்டும் இருவருக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.