மலையகத்தில் களப்பு மீன் வளர்க்கிறீர்களா? உப்பளவுக்கு 10 குறிப்புகள்

பொகவந்தலாவைப் பீலித் தண்ணீர் குடிக்க அருமையானது. ஆனால் நீர்கொழும்பு, மட்டக்களப்புக் களப்புகளில் வாழும் மீன் இனங்களுக்கு அது போதாது. உப்பு இல்லை, சுண்ணச்சத்து குறைவு, குளிரோ அதிகம். மூன்றையும் கவனித்தால் இங்கேயும் அவை நெடுநாள் வாழும்.

1. இனத்தைக் கேட்டு வாங்குங்கள். உப்பளவு காட்டும் ஹைட்ரோமீற்றர் அளவில் மொலிக்கு 1.005 வரை போதும். கரிமீனுக்கு 1.005 முதல் 1.010. பச்சைப் புள்ளிப் பேத்தை, ஸ்கட், மோனோ ஆகியவற்றுக்குக் குஞ்சில் 1.005, வளர்ந்தபின் 1.015க்கு மேல். கடல்நீர் சுமார் 1.025.

2. கடைத் தொட்டியில் உப்பு எவ்வளவு என்றும் விசாரியுங்கள். நன்னீரில் இருந்த மீனென்றால் வாரத்துக்கு 0.002க்கு மேல் ஏற்றாதீர்கள். வடிகட்டியில் கழிவைச் சிதைக்கும் பக்டீரியாக்களும் மெதுவாகத்தான் பழகும்.

3. சமையல் உப்பு வேண்டாம். அது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு மட்டுமே. கடல்மீன் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையில் கல்சியம், மக்னீசியம், காரச்சத்து எல்லாம் உண்டு. மலைத் தண்ணீருக்கு இவைதான் தேவை.

4. கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுங்கள். 10 லீற்றர் வாளிக்குச் சுமார் 80 கிராம் போட்டால் 1.005 அளவில் வரும். 160 கிராமுக்கு 1.010. மழைக்காலத்தில் உப்பு ஈரம் இழுத்துக் கனக்கும். இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

5. மீன் இருக்கும் தொட்டியில் உப்பைக் கொட்டவே கூடாது. தனி வாளியில் கரைத்து, இரவு முழுக்கக் காற்றுப் பம்பு ஓடவிட்டு, மறுநாள் ஊற்றுங்கள்.

6. தண்ணீரைச் சூடாக்கிய பிறகே அளவு பாருங்கள். பல ஹைட்ரோமீற்றர்கள் 25 பாகைக்கு அமைந்தவை. எத்தனை பாகை என்று அதிலேயே இருக்கும். காலையில் 16 பாகையில் கிடக்கும் தண்ணீர் சுமார் 0.002 கூட்டிக் காட்டும். 1.005 என்று நீங்கள் நம்புவது உண்மையில் 1.003தான். குளிர்ப் பிரதேசத்தில் உப்பு குறைந்துபோக இது முக்கியக் காரணம்.

7. ஹைட்ரோமீற்றரின் மிதக்கும் கண்ணாடிக் குழாயில் சிறு குமிழி ஒட்டினாலும் குழாய் மேலெழுந்து அளவு கூடித் தெரியும். மெல்லச் சுழற்றி உதறிவிடுங்கள். குழாயோரம் ஏறி நிற்கும் நீரை விட்டு, மட்டமான நீர்ப்பரப்பின் கோட்டைப் படியுங்கள்.

8. ஹீற்றரை 25 முதல் 27 பாகைக்குள் வையுங்கள். 60 லீற்றர் தொட்டிக்கு 100 வாட் நல்லது. தொட்டிக்குள் கைவைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

9. தண்ணீர் வற்றினால் நன்னீரையே ஊற்றுங்கள். ஆவியாவது நீர்தான், உப்பு அல்ல. கொஞ்சம் இறைத்து மாற்றும்போது மட்டும், அதே அளவு கரைத்த உப்புநீரை விடுங்கள்.

10. இறைத்த நீரை மரக்கறிப் பாத்திக்கோ தேயிலைக் கன்றுக்கோ ஊற்றாதீர்கள். உப்பு வேரைக் கெடுக்கும். வளர்க்க முடியாத மீனைக் கெசல்கமுவ ஓயாவிலோ காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ விடவே வேண்டாம். கடைக்காரரிடமோ மீன் வளர்க்கும் வேறொருவரிடமோ கொடுங்கள்.