வாயில் பிறக்கும் மிருதங்கம்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று நம் பக்கத்து ஊர்களில் தோல் என்றால் காலணி நினைவுக்கு வரும். கைப்பை நினைவுக்கு வரும். மிருதங்கம் நினைவுக்கு வருவதில்லை. வருவதற்கும் நியாயமில்லை. டேனரியில் பதனிட்ட தோலை மிருதங்கத்தில் மூட்டினால் அது பேசாது. அதற்கு வேண்டியது பதனிடாமல் காய வைத்த தோல். பசு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் ஒரே மிருதங்கத்தில் உண்டு. அதை மூட்டும் வேலையில் தஞ்சாவூர்ச் செபாஸ்தியான் வழிவந்த கிறிஸ்தவக் குடும்பத்தார் பெரும் பெயர் பெற்றவர்கள். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) தம் கருவிகளுக்கு நம்பியிருந்தது அவர்கள் கைத்திறனைத்தான்.

கருவியின் கதை இருக்கட்டும். அதை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதே நாம் இங்குப் பார்க்க வேண்டியது.

நம் வேலூரின் பெயரை மேடைதோறும் கொண்டு சென்றவர் மிருதங்க வித்துவான் வேலூர் இராமபத்ரன் (1929–2012). சென்னை மியூசிக் அகாடமி 2004ஆம் ஆண்டு அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. அவருக்குக் குரு அவருடைய தந்தையார் கோபாலாச்சாரியார். அவரோ கொன்னக்கோல் வித்துவான். அதாவது, தாளச் சொற்களை வாயாலேயே சொல்லிக் கச்சேரி செய்பவர். வாயால் தாளம் சொல்பவர், கையால் வாசிப்பவருக்கு ஆசிரியரா என்று கேட்கலாம். மிருதங்கப் பாடம் நடக்கும் முறையை ஒருநாள் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

மாணவி குருவின் எதிரில் உட்காருகிறாள். முதற் பாடம் நான்கே சொற்கள்: தா, தி, தொம், நம். கருவியைத் தொடுமுன் இவற்றைக் கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே சொல்ல வேண்டும். தாளத்திற்கு எட்டு எண்ணிக்கை. முதற் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு சொல். ஆகவே ஒரு சுற்றில் எட்டுச் சொல். இரண்டாம் காலத்தில் பதினாறு. மூன்றாம் காலத்தில் முப்பத்திரண்டு. தாளம் போடும் கை மட்டும் வேகம் மாறவே கூடாது. இங்கேதான் எல்லாரும் தடுமாறுவார்கள்! நாக்கு ஓடும்போது கையும் சேர்ந்து ஓடிவிடும். அது அடங்கும்வரை நல்ல ஆசிரியர் அடுத்த பாடத்திற்குப் போகமாட்டார்.

பிறகுதான் விரல்கள். ‘நம்’ என்பதற்கு வலந்தலையின் ஓரத்தில் ஆட்காட்டி விரல் விழ வேண்டும். மோதிர விரல் தோலின் மேல் மெல்லப் படிந்திருக்க வேண்டும். ‘தொம்’ இடப்பக்கத்துத் தொப்பியில் திறந்து ஒலிக்க வேண்டும். ஒலி சரியில்லை என்றால், “கையைப் பார்க்காதே, வாயால் சொல்” என்பார் ஆசிரியர். சொல் துலங்கினால் அடியும் துலங்கும் என்பது இந்தப் பாடமுறையின் நம்பிக்கை. நமக்கும் அது சரியென்றே படுகிறது.

கணக்கில் விருப்பமுள்ள தோழியருக்கு ஒரு செய்தி. ‘ததிகிணதொம்’ என்பதில் ஐந்து எழுத்து. அதை மும்முறை சொன்னால் பதினைந்து. முப்பத்திரண்டில் பதினைந்து போகப் பதினேழு. ஆகவே பதினேழு எழுத்துக் காலம் விட்டுத் தொடங்கினால், சொல்லி முடித்த அடுத்த நொடி தாளத்தின் முதல் தட்டில் வந்து நிற்கும். கச்சேரியில் பெரியவர்கள் தலையாட்டும் இடம் இதுதான்.

“பெண் பிள்ளைக்கு வீணை போதும், மிருதங்கம் எதற்கு? விரல் காய்த்துப்போகும்” என்று சொல்லும் பெற்றோர் இன்றும் உண்டு. விரல் காய்க்கத்தான் செய்யும்; அதை மறைக்க வேண்டாம். ஆனால் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை அந்தக் காலத்திலேயே திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளைச் சிஷ்யையாக ஏற்று மேடை ஏற்றினார். சுகன்யா ராம்கோபால் சென்னையில் கடம் கற்க விரும்பியபோது, பெண்ணுக்கு அது கடினம் என்று குரு விக்கு விநாயக்ராம் தயங்கினார். அவருடைய தந்தையார் ஹரிஹர சர்மா அதைச் சவாலாக ஏற்றுத் தாமே கற்றுக்கொடுத்தார். மண்பானையின் கடினமான வயிற்றில் தட்டித் தட்டி, கட வித்வாம்சினியாக உயர்ந்தார் அந்தப் பெண். தயங்கிய குருவும் பின்னர் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்.

தொடங்குவதற்குக் கருவி வாங்கவும் வேண்டியதில்லை. வாய் இருக்கிறது, தாளம் போடத் தொடை இருக்கிறது. பள்ளிக்கு வரும் பேருந்திலேயே பழகலாம். “என்ன முணுமுணுக்கிறாய்?” என்று பக்கத்திலிருப்பவர் கேட்டால், “கணக்குப் போடுகிறேன்” என்று சொல்லுங்கள், அது பொய்யாகாது.