பக்கத்துப் பாயில் யார்?

அன்புள்ள தம்பிக்கு,

போராட்ட வழக்கொன்றில் முதல்முறையாக வக்காலத்து போடப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். கண்டன அறிக்கை எழுத உன்னைச் சுற்றி ஆள் நிறைய இருப்பார்கள். ஜாமீன்தாரர் தேடி அலையத்தான் ஆள் இருக்காது. நீ அங்கிருந்து தொடங்கு.

கைதான அன்றைக்கே ஒரு நோட்டு போட்டுவிடு. ரிமாண்ட் தேதி, வாய்தா தேதி, உள்ளே இருப்பவர் சாப்பிடும் மாத்திரை, அவர் வீட்டு வாடகையை யார் கட்டுவது என்று எல்லாம் அதில் ஏறட்டும். குற்றப்பத்திரிகைக்குக் கெடு, வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாள். ஊபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் நீதிமன்றம் நீட்டித்தால் 180 நாள். கெடு தாண்டியதும் மனு போட்டால் ஜாமீன் அவருடைய உரிமை. நீ போடுவதற்குள் போலீஸ் தரப்பு குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால், அந்த உரிமை போச்சு. மகாராஷ்டிரத்தின் பீமா கோரேகான் வன்முறை தொடர்பான வழக்கில் மூன்றாண்டுக்கு மேல் சிறையிலிருந்த வழக்கறிஞர் சுதா பரத்வாஜ் 2021 டிசம்பரில் வெளியே வந்தது இந்த நாள்கணக்கை வைத்துத்தான்.

மனு பார்க்க, அதாவது கைதியைச் சிறையில் சந்திக்க, போவதைத் தவறவிடாதே. கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று கத்திப் பேசும் சில நிமிடம்தான் கிடைக்கும், ஆனாலும் போ. இவரைத் தேடி ஆள் வருகிறது என்று வார்டருக்குத் தெரிந்திருப்பதே பெரிய பாதுகாப்பு. அவரைக் கேட்காமல் அவர் படத்தைச் சுவரொட்டியில் போடாதே. தியாகி ஆவதா, வீட்டுக்குப் போவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி, நான் செய்த பிழை. ஒருமுறை எங்கள் தோழர்கள் மூவருக்கு ஜாமீன் வாங்கி, சிறை வாசலில் மாலை போட்டு அழைத்து வந்தோம். அவர்கள் அறையிலேயே சைக்கிள் திருட்டு வழக்கில் ஒரு பையன் இருந்தான். அவனுக்கு ஜாமீன் உத்தரவு எப்போதோ வந்துவிட்டது. கையெழுத்துப் போட ஜாமீன்தாரர் இல்லை. தோழர்கள் சொல்லித்தான் தெரிந்தது. ‘எங்கள் ஆள் திருடனா, கொலைகாரனா?’ என்று அதற்கு முன்தினம்தான் மேடையில் முழங்கியிருந்தேன். அப்படியென்றால் அந்தப் பையன் உள்ளேயே கிடக்கலாம் என்று நானே சொன்னதுபோல ஆகிவிட்டது.

திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாக வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றம் போனவர். 2020 அக்டோபரில், அதே பீமா கோரேகான் வழக்கில், அவரே விசாரணைக் கைதியானார். நடுக்குவாதத்தால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஸ்ட்ரா கேட்டு மனு போட்டதற்குப் பதில் சொல்ல, விசாரணைத் தரப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலே இறந்தார். தலோஜா சிறையில் அவர் துணியைத் துவைத்து, முழங்காலைப் பிடித்துவிட்டவர்கள், அறையில் உடனிருந்த பரம ஏழைகள் இருவர். இதை அவரே கடிதத்தில் எழுதினார். ஸ்ட்ராவுக்காக நாடே பேசியது. அந்த இருவரின் வழக்கு என்ன ஆயிற்று என்று நான் உட்பட யாரும் கேட்கவில்லை.

நம் ஆளுக்காக மட்டும் கேட்டால் போதாது என்பதை, 1970இல் அமெரிக்காவில் கைதான கறுப்பினப் போராளி ஏஞ்சலா டேவிஸ் முதலிலேயே புரிந்துகொண்டவர். தன் விடுதலைக்கான குழுவின் பெயரில் ‘எல்லா அரசியல் கைதிகளும்’ என்பதையும் சேர்க்கச் சொன்னார். 1972இல் விடுதலையான பிறகு, சிறை என்ற ஏற்பாடே எதற்கு என்று கேட்கும் வரை போனார்.

அவ்வளவு தூரம் நீ இன்றே போக வேண்டாம். ஆனால் கணக்கைப் பார். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர்; அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராதவர்கள். அவர்களை உள்ளே எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார். பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பதை ஒரு காலத்தில் உயர் நீதிமன்றமே ஏற்றது. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறென்றது. சிறைக்குள் எட்டிப்பார்த்து எழுத ஒருவர் இருந்ததால் வந்த தீர்ப்பு அது.

அடுத்தமுறை மனு பார்க்கும்போது, வழக்கு விஷயம் முடிந்ததும் உன் கட்சிக்காரரிடம் ஒன்று கேள்: பக்கத்துப் பாயில் யார்? பெயரையும் வாய்தா தேதியையும் வாங்கி, அதே நோட்டில் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்