கடை வாசலும் மனச்சான்றும்

முன்னுரை

கடை திறந்து வைத்தவர், வருவோர்க்கெல்லாம் விற்கக் கடமைப்பட்டவரா? அன்றி, தாம் விரும்பியவர்க்கு மட்டும் விற்கும் உரிமை அவருக்கு உண்டா? பழைய வினாவே இது. அண்மைக் காலத்தில் மேலை நாட்டு நீதிமன்றங்களில் புதிய வடிவில் எழுந்துள்ளது. ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் தன்பாலீர்ப்பினர் எனப்படுவர். அவர்கள் வாடிக்கையாளராய் வரும்போது, ‘என் சமயம் இதற்கு இடந்தராது’ என்று கூறி வணிகர் மறுக்கலாமா? பிரிட்டனில் நடந்த இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விடை காணும் வழி புலப்படும்.

பழைய மரபு

இடம் இருக்கும்போது, தக்க காரணமின்றி வழிப்போக்கரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விடுதி நடத்துவோர்க்கு இங்கிலாந்தின் பொதுச் சட்டம் விதித்த கடமை. 1943-இல் மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனை, அவர் கறுப்பர் என்பதற்காக, லண்டன் ஓட்டல் ஒன்று தங்க வைக்க மறுத்தது. மறு ஆண்டு நீதிமன்றம் இம்மரபைக் கொண்டே அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கிடைத்த இழப்பீடு ஐந்து கினிதான். எனினும் அவருடைய மானம் காக்கப்பட்டது.

மற்றக் கடைகளுக்கு இம்மரபு பொருந்தாது. ஆகவே தனிச் சட்டங்கள் வேண்டியிருந்தன. பாலியல் நாட்டத்தைக் காரணமாக்கிப் பொருளோ பணியோ மறுப்பதை வட அயர்லாந்தில் 2006-ஆம் ஆண்டு விதிகளும், பிரிட்டனின் பிற பகுதிகளில் 2007-ஆம் ஆண்டு விதிகளும் தடை செய்தன.

விடுதி வழக்கு

2008-இல் இரண்டு ஆடவர், கார்ன்வால் பகுதியிலுள்ள சிறு விடுதி ஒன்றில் இருவர் படுக்கும் கட்டில் உள்ள அறையைப் பதிவு செய்திருந்தனர். அவர்கள் சட்டப்படி பதிவு பெற்ற இணையர். விடுதியை நடத்திய கிறித்தவத் தம்பதியரோ, அத்தகைய அறை மணமான ஆண் பெண் இணைக்கே உரியது என்று கூறி அறை தர மறுத்தனர். வந்தவர்கள் வேறிடம் தேடிச் செல்ல நேர்ந்தது.

‘நாங்கள் தன்பாலீர்ப்பினரை வெறுக்கவில்லை. மணமாகாத ஆண் பெண்ணுக்கும் இவ்வறையைத் தருவதில்லை’ என்பது உரிமையாளர் வாதம். கேட்பதற்கு நேர்மையாகவே தோன்றுகிறது. ஆனால் அக்காலத்தில் இரு ஆடவர் மணம் செய்துகொள்ளச் சட்டம் இடந்தரவில்லை. மணமாகாத ஆணும் பெண்ணும் நாளை மணந்து கொண்டு வரலாம். இவ்விருவர்க்கோ அக்கதவு என்றும் திறவாது. 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் உரிமையாளரின் மேல்முறையீட்டைத் தள்ளினர். இது நேரடிப் பாகுபாடே என்றனர் மூவர். மறைமுகப் பாகுபாடு என்றனர் இருவர். முடிவு ஒன்றே.

பேக்கரி வழக்கு

2014-இல் பெல்பாஸ்ட் நகரில் ஒருவர், தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்குமாறு கூறும் வாசகத்தைக் கேக்கின் மேல் எழுதித் தரும்படி பேக்கரி ஒன்றில் கேட்டார். விலை 36 பவுன் 50 பென்சு. பணம் பெற்றுக்கொண்ட கடையினர், பின்னர்த் தம் கிறித்தவ நம்பிக்கையைக் காட்டி மறுத்துப் பணத்தைத் திருப்பித் தந்தனர். கீழ் நீதிமன்றம் 500 பவுன் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கடையினர் பக்கம் தீர்ப்பளித்தது.

இரு வழக்கிலும் முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹேல் சீமாட்டியார் ஒருவரே. அவர் தம்மையே மறுத்துக் கொண்டாரா? இல்லை. கேக்கைக் கேட்டவர் யாராயிருந்தாலும் கடையினர் அவ்வாசகத்தை எழுதியிருக்க மாட்டார்கள். மறுக்கப்பட்டது ஆள் அன்று, வாசகம். தாம் ஆழமாக நம்பாத கருத்தை எழுதித் தருமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தல் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

எல்லைக்கோடு எங்கே?

ஆகவே, ‘இதே பொருளை வேறொருவர் கேட்டிருந்தால் தந்திருப்பாரா?’ என்பதே உரைகல். தந்திருப்பார் எனில், மறுப்பு ஆளைப் பற்றியது. ‘அவருக்குப் பிற பொருள்களை விற்றேனே’ என்பது போதிய விடையாகாது. மிட்டாயை விற்று இருக்கையை மறுத்தாலும் மறுப்பு மறுப்புத்தான்.

வாசகம் ஏதும் இல்லாத திருமணக் கேக்கு எனில் சிக்கல் மிகும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2012-இல் அத்தகைய கேக்கு மறுக்கப்பட்டது. 2018-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் கடைக்காரரை ஆதரித்தது. ஆனால் மாநில ஆணையம் அவருடைய சமயத்தை நடுநிலையோடு நோக்கவில்லை என்பதையே காரணமாக்கி, மூல வினாவைத் தீர்க்காமல் விட்டது. 2023-இல் அதே மாநிலத்தின் இணையதள வடிவமைப்பாளர் ஒருவர் வழக்கில், அவர் வடிப்பது அவருடைய பேச்சுக்கு நிகர் என்று 6–3 கணக்கில் தீர்ப்பாயிற்று. எது பேச்சு, எது வெறும் பண்டம் என்ற வழக்கு அங்கு இன்னும் ஓயவில்லை.

நம் அரசியல் சட்டம்

இவ்வினா நமக்கும் அயலானதன்று. இரட்டைக் குவளையை அறிந்த நாடு இது. அரசியல் சட்டத்தின் 15(2)-ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவை மட்டுமே காரணமாகக் கடைகளிலும் உணவகங்களிலும் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. ‘கடை’ என்பது பணி வழங்கும் இடங்களையும் குறிக்கும் பரந்த சொல் என்று 1948-இல் டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார். பட்டியலில் பாலியல் நாட்டம் தனியே குறிக்கப்படவில்லை. எனினும், இப்பிரிவு கூறும் பாலினம் உடற்கூறு மட்டுமன்று என்ற கருத்து, 377-ஆம் பிரிவு பற்றிய 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இடம்பெற்றது.

முடிவுரை

மனச்சான்று மதிக்கத்தக்கது. வணிகரின் கையைப் பிடித்து, அவர் நம்பாததை எழுத வைப்பது முறையன்று. ஆனால் வாசலில் நிற்பவர் யார் என்று பார்த்துக் கதவைச் சாத்துவது மனச்சான்றின் பெயரால் நடந்தாலும் அவமதிப்பே. எழுத மறுக்கலாம், ஆளை மறுக்கலாகாது. இவ்விரண்டையும் வேறு பிரித்தறிவதே நீதியின் பணி. அது நீதிமன்றத்தின் வேலை மட்டுமன்று, கடை வாசலில் நிற்கும் நம் ஒவ்வொருவரின் வேலையுமாகும்.