ஹவாய் சட்டை போட்ட வேற்றுக்கிரகவாசிகள்

கேள்வி: 'டியூக் நியூகெம் 3டி' முடித்துவிட்டேன். அதன் துணைத் தொகுப்பான 'டியூக் கரீபியன்' வெறும் விளையாட்டுத்தனம் என்கிறான் நண்பன். நேரம் செலவிடலாமா?

பதில்: விளையாட்டுத்தனம்தான். அதற்காகவே விளையாடலாம். 1996-இல் வந்த மூல விளையாட்டின் மேல் சன்ஸ்டார்ம் நிறுவனம் கட்டியது இது. விடுமுறைக்குக் கடற்கரைக்கு வருகிறார் நாயகன் டியூக். அங்கும் வேற்றுக்கிரகவாசிகள், பூப்போட்ட சட்டையில்! கைத்துப்பாக்கி இருந்த இடத்தில் தண்ணீர்த் துப்பாக்கி, குழாய்க் குண்டுக்குப் பதில் அன்னாசிப்பழம்.

இந்த வேஷமாற்றம் சுலபமாக நடந்ததற்குக் காரணம் உண்டு. கென் சில்வர்மேன் எழுதிய 'பில்ட்' எஞ்சினில் எதிரிகளும் ஆயுதங்களும் தட்டையான படங்கள்தான். படத்தை மாற்றினால் பன்றிமுகக் காவலனுக்கும் சட்டை மாட்டலாம். உள்ளே துப்பாக்கியின் இயல்பு பெரும்பாலும் பழையதே. அதனால் உங்கள் கைப்பழக்கம் வீணாகாது. தண்ணீர் பீய்ச்சி அரக்கனைச் சாய்ப்பது முதல் பத்து நிமிடம் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும். அப்புறம் சிரிப்பு குறையும், வெயிலும் மணலும் நிற்கும். இருண்ட சந்துகளில் சுற்றிய கண்ணுக்கு அதுவே போதும். (டியூக்கின் கொச்சைப் பேச்சு மட்டும் மாறவில்லை, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.)

தனியாக ஓடாது, மூல விளையாட்டு வேண்டும். அதன் மூலநிரல் 2003-இல் வெளியானதால் பிறந்த 'இடியூக்32' என்ற மென்பொருள் மூலம் இன்றைய கணினியிலும் ஓட்டலாம். கிறிஸ்துமஸ் தாத்தா வரும் இன்னொரு துணைத் தொகுப்பான 'நியூக்ளியர் வின்ட்டர்' பக்கம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். அங்கே நகைச்சுவையைவிடப் பனிதான் அதிகம்.