துன்பத்துக்கு அவர்கள் வைத்த பெயர்
(லத்தீன் அமெரிக்கப் பெண்களின் உளநலம் பற்றிய ஒரு பாடம்)

ஊரை விட்டு எழும்பி வந்த குடும்பத்திடம் அரிசி உண்டா, கூரை உண்டா என்று விசாரிக்கப் பலர் வருவர். மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. அப்படிக் கேட்க வருபவரும் சில வேளைகளில் தாம் படித்த சொற்களோடு மட்டுமே வருகிறார். அவர் கேட்பது இவர்களுக்கு விளங்குவதில்லை. இவர்கள் சொல்வது அவர் வைத்திருக்கும் படிவத்தில் இல்லை. இந்த இடைவெளியை வேறொரு மக்கள் எவ்வாறு கடக்க முயன்றார்கள் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

யார் இவர்கள்?

மெக்சிக்கோ, குவாத்தமாலா, எல் சல்வடோர், புவேர்ட்டோ ரிக்கோ முதலிய இடங்களில் வேர்கொண்டு, ஐக்கிய அமெரிக்காவில் வாழும் மக்களை லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் என்பர். 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இவர்களின் தொகை 6 கோடி 21 இலட்சம். சிலர் அங்கு தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள். சிலர் பிழைப்புத் தேடி வந்தவர்கள். வேறு சிலர் எல் சல்வடோரில் 1980 முதல் 1992 வரையும், குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரையும் நடந்த உள்நாட்டுப் போர்களிலிருந்து தப்பி வந்தவர்கள். அந்நாட்டின் பயிர்த் தோட்டங்களில் கூலி வேலை செய்வோரில் மிகப் பெரும்பாலானோர் இவர்களே. வதிவிட அனுமதி இல்லாதவர்களும் இவர்களிடையே உண்டு. அப்படிப்பட்ட ஒரு தாய், பெயரைப் பதிந்தால் நாடு கடத்தி விடுவார்களோ என்று பயந்து, ஆஸ்பத்திரி வாசலுக்கே போகத் தயங்குவாள்.

நரம்பு என்று சொன்னால் என்ன?

இப்பெண்களில் பலர் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "நெர்வியோஸ்" என்பார்கள். ஸ்பானிய மொழியில் இதன் நேர்ப்பொருள் நரம்புகள் என்பதாகும். தலையிடி, கை நடுக்கம், நித்திரையின்மை, காரணமின்றி வரும் அழுகை, ஓயாத கவலை ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரே சொல் தாங்குகிறது. "சுஸ்தோ" என்பது இன்னொரு சொல். பெரும் பயம் ஒன்றினால் உயிர் உடலை விட்டு விலகிப் போய்விட்டது என்பது அதன் கருத்து. மூன்றாவது "அத்தாக்கே தெ நெர்வியோஸ்". மரணச் செய்தி கேட்டபோதோ, குடும்பத்தில் பெரும் சண்டை வந்தபோதோ ஒருவர் கத்தி அழுது, உடல் நடுங்கி, நெஞ்சில் எழும் சூடு தலைக்கேறி, சில வேளை மயங்கி விழுவதை அது குறிக்கும்.

1950களில் அமெரிக்க இராணுவ வைத்தியர்கள் இதற்குப் "புவேர்ட்டோ ரிக்கோ நோய்க்குறி" என்று பெயரிட்டார்கள். ஓர் இனத்தின் குறையாகவே இதைப் பார்த்தார்கள். பின்னர் நிலைமை மாறியது. 1985 ஒக்டோபரில் புவேர்ட்டோ ரிக்கோவில் பெருமழை பெய்து, பொன்சே நகரின் மமேயெஸ் குடியிருப்பு மண்சரிவில் புதையுண்டது. அந்த அனர்த்தத்தின் பின் 912 பேரிடம் நடத்திய ஆய்வில், அவர்களுள் நூற்றுக்கு 16 பேர் இந்தத் தாக்கத்தை அனுபவித்ததாகக் கூறினர். பெண்கள், 45 வயதைத் தாண்டியவர்கள், கல்வி குறைந்தவர்கள், கணவனையோ மனைவியையோ இழந்தோ பிரிந்தோ வாழ்பவர்கள் ஆகியோரிடையே இது கூடுதலாகக் காணப்பட்டது. 1994 இல் அமெரிக்க உளமருத்துவ சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலும் இச்சொல்லை ஏற்றுக்கொண்டது.

இந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இத்தாக்கம் வந்தவர்களுக்கு மனச்சோர்வு, கடும் பதகளிப்பு முதலிய நோய்கள் இருக்கும் வாய்ப்பும் மற்றவர்களிலும் கூடுதலாக இருந்தது. ஆகவே அவர்கள் சொல்லும் சொல்லை மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் தவறு. "அது அவர்கள் வழக்கம்" என்று சொல்லி வைத்தியம் பார்க்காமல் விடுவதும் தவறு.

குடும்பம் தாங்கும், அழுத்தவும் செய்யும்

லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில் குடும்பப் பற்று மிக ஆழமானது. பாட்டி, மாமி, ஞானப்பெற்றோர் எல்லாரும் குடும்பமே. அதே வேளையில் தாய் என்பவள் எதையும் தாங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. தாங்கிக்கொள்வதை அவர்கள் "அகுவாந்தார்" என்பர். கன்னி மரியாளின் பொறுமையை முன்மாதிரியாகக் காட்டிப் பெண்ணை வாய் மூடியிருக்கச் செய்யும் போக்கை ஆய்வாளர் "மரியானிஸ்மோ" என அழைக்கின்றனர். மரியாளை நேசிப்பவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். செபம் இப்பெண்களுக்குப் பெரும் பலம். ஆனால் அந்த மரியாளின் பெயரால் ஒருத்தியின் கண்ணீரை மறைக்கச் சொல்வது பக்தியாகாது.

இப்படிப்பட்ட தாயிடம் "முதலில் உன்னைப் பற்றி மட்டும் யோசி" என்று சொன்னால் அவள் மறுமுறை வரமாட்டாள். "நீங்கள் தேறினால் உங்கள் பிள்ளைகளும் தேறுவார்கள்" என்றால் காது கொடுப்பாள். தமிழில் நீ, நீங்கள் என்று இருப்பதுபோல ஸ்பானிய மொழியிலும் இரு விளிகள் உண்டு. மூத்த பெண்ணை மரியாதை விளியில் அழைத்து, பிள்ளைகளின் சுகம் விசாரித்து, பிறகே நோயைக் கேட்க வேண்டும்.

எனினும் குடும்பத்தின் பெயரால் எல்லாவற்றையும் ஏற்க முடியாது. கணவன் அடிக்கிறான் என்றால் அவளைத் தனியாகச் சந்தித்துப் பேச வேண்டும். ஆங்கிலம் அறிந்த பிள்ளையைக் கொண்டு தாயின் துயரத்தை மொழிபெயர்ப்பிப்பதும் ஆகாது. தாய் பிள்ளைக்கு முன்னால் உண்மையைச் சொல்லமாட்டாள். சொன்னால் அந்தப் பாரம் பிள்ளையின் தலையில் விழும். அமெரிக்கச் சுகாதாரத்துறையின் 2016 ஆம் ஆண்டு விதிகள், அவசர நிலை தவிர்ந்த வேளைகளில் இதைத் தடுத்தன.

பயன் தந்த வழிகள்

முதலாவது, கதை. நியூயோர்க்கில் வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளிச் சிறுவர்களுக்காக யூசெப்பே கொஸ்தந்தினோவும் அவரது சகாக்களும் நாட்டார் கதைகளைக் கையிலெடுத்தனர். தாய்மாரும் உளவளத்துணையாளரும் கதைகளை இரு மொழிகளிலும் வாசித்தனர். பின்னர் பிள்ளைகளும் தாய்மாரும் அவற்றை நடித்துப் பார்த்தனர். 1986 இல் வெளியான ஆய்வு, பிள்ளைகளின் பதகளிப்பு குறைந்ததாகவும் ஓராண்டின் பின்னும் அப்பயன் நிலைத்ததாகவும் காட்டியது. இங்கே தாய் நோயாளியின் துணையாக மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, குணமாக்கும் பணியில் பங்காளியானாள்.

இரண்டாவது, "புரோமோத்தோரா" எனப்படும் சுகாதாரத் தொண்டர். இவர் அதே தெருவில், அதே தோட்டத்தில் வாழும் பெண். பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்று பேசுகிறார். தேவைப்படும்போது வைத்தியரிடம் கூட்டிச் செல்கிறார். நம்பிக்கை ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது.

மூன்றாவது, சிகிச்சையையே மக்களுக்கேற்பத் திருத்துவது. புவேர்ட்டோ ரிக்கோவின் கில்லெர்மோ பெர்னாலும் அவரது சகாக்களும் 1995 இல் இதற்கு எட்டு அம்சங்களைக் குறிப்பிட்டனர்: மொழி, ஆட்கள், உவமைகள், உள்ளடக்கம், கருத்துகள், இலக்குகள், முறைகள், வாழ்க்கைச் சூழல். மொழியை மட்டும் மாற்றிவிட்டு மற்ற ஏழையும் அப்படியே விட்டால் போதாது.

இறுதி அம்சமான வாழ்க்கைச் சூழலைப் பற்றி நன்கு அறிந்திருந்தவர் இயேசு சபைக் குருவும் உளவியலாளருமான இக்னாசியோ மார்ட்டின்-பரோ. எல் சல்வடோரில் போர் தந்த காயம் தனி மனிதரின் தலைக்குள் மட்டும் இல்லை, மக்களிடையேயான உறவுகளிலும் இருக்கிறது என்று அவர் கற்பித்தார். 1989 நவம்பர் 16 ஆம் திகதி இராணுவத்தினர் அவரையும் உடனிருந்த ஐந்து குருக்களையும், சமையல் வேலை செய்த பெண்ணையும் அவர் மகளையும் சுட்டுக் கொன்றனர். அவர் கற்பித்ததை இப்பெண்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். கூலி கிடைக்காத, நாடு கடத்தலுக்கு அஞ்சும் ஒரு பெண்ணுக்கு ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது. அவளுடைய கூலிக்கும் பாதுகாப்புக்கும் வழி தேடுவதும் உளநலப் பணியே.

குழுவாகச் சிந்திக்க

1. மனத்துன்பத்தைச் சொல்ல எமது ஊர்ப் பெண்கள் எந்தச் சொற்களைப் பாவிக்கிறார்கள்? ஒரு தாளில் எழுதுவோம்.
2. அச்சொற்களை வைத்தியரோ உத்தியோகத்தரோ கேட்டால் அவருக்கு விளங்குமா? யார் விளக்கிச் சொல்லலாம்?
3. "பொறுத்துக்கொள்" என்று நாம் யாரிடம் சொல்லி வருகிறோம்? அதனால் அவர் சொல்லாமல் விட்டது என்ன?
4. பெண்கள் நம்பிப் பேசும் பெண் எமது பகுதியில் யார்? அவருக்கு எந்தப் பயிற்சியும் உதவியும் தேவை?

முதலாவது கேள்விக்குப் பெண்களே முதலில் பதில் சொல்லட்டும். ஆண்கள் அதுவரை கேட்டுக்கொண்டிருப்பது நல்லது.