நெத்திலி ஏன் குரைக்கவில்லை

செங்கல்பட்டு
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணம்மா,

நீ போனில் அனுப்பிய படத்தைப் பெரியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு தடவை பார்த்தாள். கொக்கிலமேட்டு மணலில் வலைக் குவியலுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்த நாயைத் தூக்கிவந்து 'நெத்திலி' என்று பேரும் வைத்துவிட்டாய். விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருக்கிறது. பேர் பொருத்தம்தான்.

படத்தோடு நீ எழுதியிருந்த ஒரு வரிதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. "ரொம்ப சாது பெரியப்பா, வந்து அஞ்சு நாளாச்சு, ஒரு தடவைகூடக் குரைக்கல." கடற்கரையில் திரிந்து வளர்ந்த ஒரு வயசு நாட்டு நாய் ஐந்து நாளாக வாய் திறக்கவில்லை என்றால் அதில் பாதி புது இடத்துப் பயம். மீதிப் பாதி என்னவென்று பார்த்துவிட வேண்டும். நான் டாக்டர் இல்லை. திருக்கழுக்குன்றம் பக்கம் கால்நடை மருந்தகத்தில் முப்பது வருஷம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கட்டுப் போட்டவன், அவ்வளவுதான். ஆனால் 'சாது' என்று சொல்லிக் கூட்டிவந்த நாய்கள் காய்ச்சலில் துவண்டு கிடந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அதன் மேலுதட்டைத் தூக்கிப் பார். ஈறு சிவப்புக் கொய்யாவின் உள்சதை நிறத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நாட்டு நாய்க்கு ஈறே கறுப்பாக இருப்பதும் உண்டு. அப்படியானால் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாதே. மூக்கு காய்ந்தால் காய்ச்சல் என்பது ஊர்ப்பேச்சு. தெர்மாமீட்டரில் 101 முதல் 102.5 டிகிரி வரை நாய்க்கு இயல்பான சூடு. நம் கணக்கில் அதைக் காய்ச்சல் என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைப் பாதி உடைத்துக் கொடுத்துவிடாதே. நமக்கு மருந்து, அதற்கு விஷமாகிவிடும்.

அடுத்து உண்ணி. காது மடலுக்குள், கால்விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் தேடு. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி ஆமணக்கு விதை மாதிரியே இருக்கும். லத்தீனில் ஆமணக்குக்கும் உண்ணிக்கும் பேரே ஒன்றுதான் என்று எங்கள் டாக்டர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார். உப்பிய உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் விரிசலிலும் கட்டில் இடுக்கிலும் போய் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். அதனால் நாய்க்கு மருந்து போட்டால் மட்டும் போதாது. திரைச்சீலைக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். நகத்தால் நசுக்காதே. இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடு. கெரசின் வேண்டாம். கழிவு எஞ்சின் ஆயிலைச் சொறிக்குப் பூசுகிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பூசிய நாய் அதை நக்கி நக்கியே குடல் கெட்டுப்போகும்.

உண்ணி தரும் காய்ச்சலில் எர்லிக்கியா என்கிற கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கு மேல் இதில் செத்தன. அவை பெரும்பாலும் பழக்கிய ஷெப்பர்டுகள். நம் தெருநாய் இதே கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் சுற்றும். பசி குறையும், படுத்தே கிடக்கும், ஒருநாள் மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனை ஒன்று செய்தால் போதும். டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதினால் பெரும்பாலும் 28 நாள் கொடுக்கச் சொல்வார். மூன்றாம் நாளே நெத்திலி எழுந்து வாலாட்டும். அப்போது மாப்பிள்ளை "சரியாயிடுச்சே, நிறுத்திடலாமே" என்பார். நிறுத்தாதே. மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதே. சோற்றோடு கொடுத்து, தண்ணீரும் குடிக்க வை.

மாப்பிள்ளை மேல் குறை சொல்லவில்லை. 'வியாதி நாயைக் கொண்டுவந்துட்டே' என்று அவர் சலித்துக்கொண்டதாக எழுதியிருந்தாயே, அதற்குத்தான் சொல்கிறேன். வந்த இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டுகிற நோய் பெரும்பாலும் கடற்கரையிலேயே தொற்றியது. உன் வீட்டுக்கு வந்ததால்தான் அதைக் கவனிக்க ஒரு ஆள் கிடைத்தது.

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா கல்யாணத்துக்கு முந்தின வருஷம், கொளவாய் ஏரிப் பக்கத்து வீட்டில் இருந்தோம். ஒரு குட்டியைக் கொண்டுவந்தேன். அன்றைக்கே குளிப்பாட்டினேன், ஒரு கிண்ணம் பால் வைத்தேன். நாலாம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தமாகக் கழிச்சல். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவன் மறக்கமாட்டான். ஆறாம் நாள் போய்விட்டது. பார்வோ வைரஸ். பாலைக் குற்றம் சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆறு மாசம் கழித்து, தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியை அதே முற்றத்தில் விட்டேன். அதுவும் அப்படியே போனது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பது மருந்தகத்தில் வேலை பார்த்த எனக்கே அப்போது உறைக்கவில்லை. உன் அடுக்குமாடியில் குட்டிகள் இருந்தால் இரண்டு வாரம் நெத்திலியைத் தனியாக வை. அதன் கழிச்சல் பட்ட தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவு. பினாயிலுக்கு அந்த வைரஸ் அடங்காது. குளியலும் இப்போது அவசரமில்லை.

பெண் நாய் என்பதால் இன்னொன்று. பின்பக்கம் ரத்தம் சொட்டினால் பருவம் என்று விட்டுவிடாதே. தெருநாய்களுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டும் கட்டி ஒன்று உண்டு. காலிஃபிளவர் மாதிரி உள்ளே வளரும். புற்று என்று பயப்படாதே, பெரும்பாலும் குணமாகிவிடும். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, சில வாரம். அந்த மருந்து எடுப்பது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. ஈசிஆர் ஓரம் மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்குமே, அதேதான். அதற்காகச் செடியைப் பறித்து அவித்துக் கொடுத்துவிடாதே, கொன்றுவிடும்.

காது நுனியில் வெட்டு இருக்கிறதா பார். இருந்தால் கருத்தடை ஆகியிருக்கிறது. ரேபிஸ் ஊசியும் அப்போதே போட்டிருப்பார்கள். ஆனாலும் தேதி தெரியாத ஊசியைப் போடாத ஊசியாகவே நினை. காய்ச்சல் இல்லையென்று டாக்டர் சொன்னதும் மறுபடி போட்டுவிடு. அதற்கு முன்னால் குழந்தையைக் கீறினாலோ கடித்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. ஊசி இலவசம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதே. 'நாய் நல்லாத்தானே இருக்கு' என்று பத்து நாள் காத்திருந்து பார்ப்பதும் கூடாது. நாயைக் கவனிப்பது ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம். புழு மருந்தும் கொடு. நாயின் கொக்கிப்புழு மணலில் இறங்கினால், வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்கடியில் கோடு கோடாக ஊர்ந்து அரிக்கும்.

புதன்கிழமை வருகிறேன். டாக்டரிடம் சேர்ந்தே போகலாம். இல்லையென்றால் வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கே போய்விடுவோம். பெரியம்மா முருங்கைக்கீரை கொடுத்துவிடுகிறாள், அது உனக்கு. என் செருப்பை வாசலிலேயே விடுகிறேன். நெத்திலி அதைத் தூக்கிக்கொண்டு ஓடினால் விட்டுவிடு, திட்டாதே.

அன்புடன்,
பெரியப்பா